அரசன் பூசிய ஓடிக்கொலோன்

பக்கத்து வீட்டு மாமி பேக்கரியில் வாங்கிய அரை றாத்தல் பாணும் ஒரு இளநீரும் கொண்டு எங்கள் படலையைத் திறந்து வந்தபோது, என் மகள் கிணற்றடிச் சேற்றில் குந்தியிருந்து களிமண்ணில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வயது. முழங்கால் வரை சேறு. மாமி அவளைக் காணவில்லை. நேரே விறாந்தைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"ஆருக்கு மாமி?"

"மறைக்காதை பிள்ளை. உன்ரை மனுசன் மத்தியானம் எங்கடை கேற்றடியிலை நிண்டு சைக்கிளுக்குக் காத்தடிச்சவர். பம்மைத் தரக் கிட்டப் போனன், ஓடிக்கொலோன் மணம் மூக்கிலை அடிச்சுது. அப்பவே நினைச்சன், பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பிட்டுது எண்டு. போனமுறை வலிப்பெல்லே வந்தது?"

எங்கள் பக்கத்தில் ஓடிக்கொலோனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் ஒரு கிண்ணத் தண்ணீரில் நாலு துளி விட்டு, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போடுவோம். துணி சூடாகச் சூடாக மாற்றுவோம். யாராவது தாயோ தகப்பனோ அந்த மணத்தோடு வெளியே வந்தால், வீட்டில் பிள்ளை படுத்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். கேட்கக்கூடத் தேவையில்லை. பாணும் இளநீரும் தானாக வந்து சேரும்.

என் கணவரில் எப்படி அந்த மணம் வந்தது என்று யோசிக்க எனக்கு நேரமே எடுக்கவில்லை. மத்தியானம் படிப்பித்து முடித்துப் பாடசாலையால் வந்து சாப்பிட்டுவிட்டு, கூத்துப் பழகப் போகிறேன் என்று வெளிக்கிட்டவர் அவர். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது கேட்டது. சால்வை எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"ஓம் மாமி, கொஞ்சம் காய்ச்சல்தான்" என்று என் வாய் சொன்னது.

வேறு என்ன சொல்ல? பிள்ளை சுகம், மனுசன்தான் பூசிக்கொண்டு போயிருக்கிறார் என்று சொன்னால், எங்கே போனார் என்ற கேள்வி வரும். எங்கே என்பது மாமிக்குத் தெரியும். யாரோடு ஆடுகிறார் என்பதும் தெரியும். பிறகு மாமி என்னைப் பார்க்கும் பார்வையை நான் தாங்கவேண்டும். அதைவிடப் பொய் லேசாக இருந்தது.

லேசு என்று நினைத்த அந்த நிமிடத்திலேயே என் மகள் இரண்டு கையிலும் மண்தோசையை ஏந்திக்கொண்டு, "மாமி, சாப்பிடுங்கோ" என்று விறாந்தைக்கு ஓடி வந்தாள்.

மாமி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எடி விசரி! காய்ச்சல்காரப் பிள்ளையைச் சேத்திலை விட்டிட்டோ விறாந்தையிலை நிக்கிறாய்? படிச்ச பெட்டையெண்டு சொல்லுறது உன்னைத்தானே? தூக்கு, தூக்கு! சுடுதண்ணி வைச்சுத் துடைச்சுப் படுத்து!"

மாமி முன்னால் நின்று மேற்பார்வை பார்க்க, நான் தண்ணீர் சுடவைத்து, பிள்ளையைத் துடைத்து, பட்டப்பகலில் பாயில் படுத்தினேன். அவள் வீடே அதிரக் கத்தினாள். "காய்ச்சலிலை பிதற்றுது" என்று மாமி தலையை ஆட்டினார்.

அவர் போன பிறகு நான் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். புறங்கையால் பார்த்தேன். கழுத்தில் பார்த்தேன். சூடில்லை. ஆனால் இல்லாத காய்ச்சலை வாயால் அழைத்துவிட்டேனே, அது வந்து நின்றால் என்ன செய்வேன்? வைரவருக்கு வடைமாலை நேர்ந்துவிட்டு மறுபடியும் நெற்றியைத் தொட்டேன். அதற்குள் என் கையே சூடாகிப்போனதால் எது பிள்ளையின் சூடு, எது என்னுடையது என்று தெரியவில்லை.

அது போர் நடந்த, சாமான் தடைக் காலம். மின்சாரம் போய் நாளாகிவிட்டது. சவுக்காரம் பொன்னைப்போல இருந்தது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஓடிக்கொலோன் போத்தலோ, நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கொழும்பிலிருந்து அண்ணை கொண்டுவந்து தந்தது. முடிந்தால் இன்னொன்று எங்கேயிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஒரு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்து, கண் மேலே செருகி, கையில் கிடந்து வெட்டியதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் போத்தல் என் சீலைகளுக்குள் சுற்றிக் கிடந்தது. நான் ஒரு துளிகூட என் கைக்குட்டையில் விட்டதில்லை. கலியாண வீட்டுக்குப் போகும்போதுகூட.

அதைத்தான் அவர் எடுத்துப் பூசியிருக்கிறார்.

பின்னேரம் அவர் திரும்பி வந்தார். சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு கிட்ட வந்தார். நான் தேத்தண்ணியை நீட்டும் சாட்டில் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெங்காயமும் மண்ணெண்ணெயும் வியர்வையும்தான். விடியவில் மண்ணெண்ணெய் மிசினால் வெங்காயத் தோட்டம் இறைத்து, பாடசாலைக்கு ஓடி, பிறகு ஆடி, சைக்கிள் உழக்கி வந்த மனிதனின் மணம். அதாவது ஓடிக்கொலோன் முழுவதும் அங்கே செலவாகிவிட்டது. மிச்சம்தான் எனக்கு வந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கலாமா, கேட்டால் என்ன நினைப்பார், கேட்காவிட்டால் நாளைக்கும் பூசுவாரா என்று தேத்தண்ணிப் பேணியைக் கழுவிய நேரம் முழுவதும் எனக்குள்ளே வழக்காடினேன். கேட்டால் நான் சந்தேகக்காரி. கேட்காவிட்டால் மடைச்சி.

அவர் கூத்தாடுவது எனக்குப் புதிதில்லை. பண்டத்தரிப்புப் பக்கத்து ஊர்க் கூத்துகளில் இளந்தாரிக் காலத்திலிருந்து அவர்தான் அரசன். ஊர்க் கூத்தில் அரசிக்கும் ஆம்பிளைதான் சீலை கட்டுவார். அவருடைய பழைய அரசி தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு கட்டை மனிதர். மீசையை மழித்துவிட்டு வந்தால் நல்ல இலட்சணமாகத்தான் இருப்பார். அந்த அரசியோடு ஆடப் போகும்போது என் கணவர் முகம்கூடக் கழுவியதில்லை. தோட்டத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு அப்படியே போவார். அரசியும் சுருட்டுப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். நான் அவரில் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை.

அந்த அரசி கனடாவுக்குப் போய்விட்டார். அந்த வருடம் பாடசாலை விழாவுக்கு ஆசிரியர்களே சேர்ந்து கூத்துப் போடுவது என்று அதிபர் தீர்மானித்தார். காலம் மாறிவிட்டது, ஆம்பிளைக்குச் சீலை கட்டத் தேவையில்லை, எங்கள் ஆசிரியைகளே ஆடுவார்கள் என்றும் சொன்னார். அரசியாக வந்தது புதிதாக வந்திருந்த சங்கீத ரீச்சர். வடகரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, பாடசாலைக்குக் கிட்ட உறவினர் வீட்டில் ஒரு அறையில் இருந்தவர். கலியாணம் ஆகவில்லை. நான் அவரைக் கோயிலில் ஒருமுறை கண்டிருக்கிறேன். மெலிந்த கறுத்த உடம்பு, நிமிர்ந்த நடை, தூரத்திலும் கேட்கும் குரல். அழகி என்று சொல்லமுடியாது. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். அழகி என்றால் ஊரே கண்காணிக்கும். இவரை நான் ஒருத்திதான் கண்காணிக்கவேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. பாடசாலையில் மைக் ஒன்றே ஒன்று. கார் பற்றரியில் இயக்கி, மேடை நடுவில் கயிற்றில் தொங்கவிடுவார்கள். அரசனும் அரசியும் எங்கே சுழன்று ஆடினாலும், பாட்டு வரும் இடத்தில் இரண்டு பக்கத்தாலும் ஆடி வந்து, அந்த மைக்கை நடுவில் வைத்து முகத்தோடு முகம் நின்று பாடவேண்டும். இதை அவரேதான் ஒருநாள் சோறு சாப்பிடும்போது சிரித்துச் சொன்னார். நான் அப்போது சிரித்தேனா என்று ஞாபகமில்லை.

அந்தக் கிழமைச் சனிக்கிழமை காலையில் அவர் முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை ஒருக்கா வாரும். நீர் அரசியாய் நில்லும். திரும்புற இடத்திலை எனக்குக் கால் பிழைக்குது."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"ஆடவேண்டாம். சும்மா நில்லும். நான் சுத்தி வாறன்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு, நான் அரசியாக நின்றேன். அவர் தாளத்தை வாயால் சொல்லிக்கொண்டு என்னைச் சுற்றி ஆடினார். கால் மண்ணில் படும் சத்தம் அவ்வளவு திருத்தமாக இருந்தது. ஒரு சுற்று முடிந்து, முன்னால் வந்து, மைக் தொங்கும் இடம் என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டி, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பாடினார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. தோட்டத்து மணம், நேற்றைய சேட்டு.

"அங்கையும் உப்பிடித்தானோ?" என்று கேட்டேன்.

"எப்பிடி?"

"உப்பிடித்தான். வேர்த்துக்கொண்டு."

அவர் ஒரு கணம் தாளத்தை விட்டுவிட்டார். பிறகு, "ஆடினால் வேர்க்கும்தானே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கினார். பிள்ளை என் இடுப்பிலிருந்து கைதட்டினாள். எனக்குக் கண் எரிந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

அரசியாக நிற்கிற எனக்காக அவர் ஒரு துளியும் பூசவில்லை. இதை நான் யாரிடம் முறையிடுவேன்? அம்மாவிடம் சொன்னால், வீட்டுக்குள்ளே பெண்சாதிக்கு முன்னால் சென்ற் பூசுகிற ஆம்பிளை எங்கே இருக்கிறான் என்று சிரிப்பார். அது உண்மைதான். ஆனால் அலுமாரியைத் திறந்து, என் சீலைகளை விலக்கி, மூடியைத் திருகி, கழுத்தில் தடவி, இவ்வளவு வேலையையும் ஒரு மனிதன் இன்னொருத்தியின் மூக்குக்காகச் செய்கிறான் என்றால், அவளுடைய மூக்கை அவன் நினைத்துப் பார்த்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? என் மூக்கும் அதே அளவுதான்.

இதற்கிடையில் நான் சொன்ன காய்ச்சல் ஊரில் நடமாடத் தொடங்கியது. சங்கக்கடையில் ஒருத்தி, "பிள்ளை தேறிட்டாளோ?" என்றாள். கோயிலில் ஐயர் திருநீற்றைக் கூடுதலாக அள்ளித் தந்து, "குழந்தைக்குப் பூசுங்கோ" என்றார். நான் எல்லாருக்கும் "ஓம், குறைவு" என்று சொன்னேன். குறைவு என்றால் பொய்யும் கொஞ்சம் குறையும் என்று ஒரு நம்பிக்கை.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், ஒழுங்கையில் சலங்கைச் சத்தம் கேட்டது. முதலில் மாட்டுவண்டி என்று நினைத்தேன். சத்தம் வேகமாக வந்தது. படலை அடித்துத் திறந்தது. அவர் சைக்கிளை அப்படியே முற்றத்தில் விழ விட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு காலில் சலங்கை கட்டியபடி. மற்றதை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"பிள்ளை எங்கை? பிள்ளை எங்கை?"

பிள்ளை அடுப்படி வாசலில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவர் அவளை வாரித் தூக்கி, தன் கன்னத்தை அவள் நெற்றியில் வைத்தார். அந்த நேரம் மூச்சோடு மூச்சாக எனக்கு அந்த மணம் அடித்தது. வியர்வைக்கு மேலே, மெல்லிய, குளிர்ந்த காய்ச்சல் மணம்.

"காய்ச்சல் இல்லையே?"

"இல்லை."

"வலிப்பு வந்ததாமே!"

"ஆர் சொன்னது?"

"மாமி சந்தையிலை ஆருக்கோ சொல்லி, அவை அதிபருக்குச் சொல்லி, ரீச்சர் எல்லாருக்கும் முன்னாலை என்னைக் கேட்டவ, பிள்ளை அப்பிடிக் கிடக்கேக்கை நீங்கள் எப்பிடி இஞ்சை நிண்டு ஆடுறியள் எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீர்தானாம் மாமிக்குச் சொன்னனீர்."

"காய்ச்சலெண்டுதான் சொன்னனான். வலிப்பெண்டு சொல்லேல்லை."

"விசரே உமக்கு? பிள்ளையை வைச்சோ பொய் சொல்லுறது?"

"வேற என்னத்தைச் சொல்ல?" என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்தது. "பிள்ளையின்ரை ஓடிக்கொலோன் உங்களிலை மணந்தால் சனம் பிள்ளைக்கெண்டுதானே நினைக்கும்? இல்லை, மாஸ்ரருக்குத்தான் காய்ச்சல் எண்டு சொல்லவோ?"

அவர் பிள்ளையை இறக்கிவிட்டு அடுப்படி வாசற்படியில் இருந்தார். சலங்கை ஒருமுறை குலுங்கி அடங்கியது. பிள்ளை அந்தச் சலங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"மைக்கடியிலை கிட்டப் போய்ப் பாடேக்கை அவ முகத்தைத் திருப்பினவ" என்றார் கடைசியில். "ஒருக்கா எண்டால் பறவாயில்லை. ஒவ்வொருநாளும். தோட்டம் இறைச்சுப்போட்டு மிசின் மணத்தோடை போறன். குளிக்கச் சவுக்காரமும் இல்லை. மற்ற மாஸ்ரர்மாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். எனக்குச் சரியான வெக்கமாப் போச்சுது."

"அப்ப எனக்குப் பக்கத்திலை வரேக்கை வெக்கமில்லையோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

"நீர் ஒருநாளும் திருப்பேல்லையே."

இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன். அரிசி களையும்போது அது நல்ல வசனமாக இருக்கும்: உன்னிடம் நான் எப்படியும் வரலாம், நீ என்னை வெறுக்கமாட்டாய் என்ற நம்பிக்கை. அரிசி உலையில் கொதிக்கும்போது கெட்டதாகிவிடும்: நீ இருக்கிறாய்தானே, உனக்கென்று தனியாக என்ன வேண்டியிருக்கிறது. எது என்று அவரிடம் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் நடந்தது. அன்றைக்கே அவர் போத்தலை எடுத்து, அலுமாரியின் உச்சித் தட்டில், என் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்தார். "இனித் தொடமாட்டன். அது பிள்ளைக்கு" என்றார். சைக்கிளில் அந்த வழி நெடுகிலும் அவர் என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. முகம் சொன்னது.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். அடுத்தநாள் பின்னேரம் ரீச்சர் வந்தார்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்று, "அக்கா! வரலாமோ?" என்று கேட்டார். பையில் இரண்டு தோடம்பழமும் கடதாசியில் சுற்றிய காய்ச்சல் குளிசைகளும். நோயாளிப் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார். என் கணவர் தோட்டத்தில் நின்றார். பிள்ளை வழக்கம்போலச் சேற்றில்.

"நேற்றோடை விட்டிட்டுது" என்றேன்.

ரீச்சர் சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விறாந்தை வாங்குப் பலகையில் இருந்து, நான் கொடுத்த வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தார். அவருடைய பாதங்களைப் பார்த்தேன். வெடித்த, அகலமான பாதங்கள். ஆடுகிறவரின் பாதங்கள்.

"அக்கா, ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளே?"

"சொல்லுங்கோ."

"மாஸ்ரரை உந்த ஓடிக்கொலோன் பூசவேண்டாமெண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. நான் எப்பிடி நேரை சொல்லுறது? அவர் கிட்ட வந்தாலே எனக்கு ஆசுபத்திரி வாட்டிலை நிக்கிறமாதிரிக் கிடக்கு. அவர் போருக்குப் போறன் பெண்ணே எண்டு வீரமாப் பாடுறார். எனக்கெண்டால் அவரைப் பிடிச்சுப் பாயிலை படுத்தி, கஞ்சி வைச்சுக் குடுக்கவேணும்போலை கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று நினைத்தும் வந்தது. ரீச்சரும் அந்தப் பெரிய குரலில் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன். "அதுக்கு முதல் நீங்கள் முகத்தைத் திருப்பினனீங்களாம்?"

"ஆர், நானோ?" அவர் யோசித்தார். "ஓ, அது மத்தளம். மைக்கடியிலை நிண்டால் எனக்குத் தாளம் கேக்கிறேல்லை. காதை அந்தப் பக்கம் குடுக்கிறனான். ஏன், மாஸ்ரர் என்ன நினைச்சவர்?"

"வேர்வை மணமெண்டு."

"ஐயோ! அதுக்கோ பூசினவர்?" அவர் வாயில் கை வைத்தார். "எங்கடை வீட்டிலை எல்லாரும் கடலுக்குப் போறவை அக்கா. வேர்வையும் உப்பும் மணக்காத ஆம்பிளையை எங்கடை அம்மா ஆளெண்டே கணக்கெடுக்கமாட்டா. மாஸ்ரரிலை அந்த வெங்காய மணம் நல்லாத்தான் இருக்கு. ஒரு வீட்டுக்காரன் பக்கத்திலை நிக்கிறமாதிரி ஒரு தெம்பு வரும். அதையே விடச் சொல்லுங்கோ."

அவர் அதைச் சூதில்லாமல்தான் சொன்னார். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். தகப்பனையும் சகோதரங்களையும் எங்கேயோ விட்டுவிட்டு, ஒரு அறையில் தனியாக இருக்கிற பெண். ஆனால் அந்த நேரம் எனக்கு வாங்கில் இருக்க முடியவில்லை. எழுந்து போய்ப் பிள்ளையின் கையைக் கழுவினேன்.

இவ்வளவு நாளும் நான் ஓடிக்கொலோனில் பொறாமைப்பட்டேன். அது ஒரு போத்தல். மூடி வைக்கலாம். இப்போது ரீச்சர் கேட்பது மற்றதை. விடியவில் பக்கத்தில் எழும்பிப் போகிற, மத்தியானம் வாசலால் உள்ளே வருகிற, தலையணையில் கிடக்கிற அந்த மணத்தை. அது மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறொருத்தி வந்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன பிறகுதான், அதுதான் என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் தோட்டத்தால் வந்து, "ரீச்சர் வந்தவவாம். என்னவாம்?" என்று கேட்டார்.

"பிள்ளையைப் பாக்க வந்தவ. தோடம்பழம் தந்தவ."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நல்லா ஆடுறியளாம்."

அதற்குப் பிறகு அவர் ஓடிக்கொலோன் இல்லாமல்தான் பழகப் போனார். ஒவ்வொரு மத்தியானமும் நான் அவருக்குப் பின்னால் நின்று மணந்து பார்த்தேன். வெங்காயம். மண்ணெண்ணெய். நல்லாத்தான் இருக்கு. பிள்ளைக்கென்று ஒளித்து வைத்திருந்த சவுக்காரத் துண்டை ஒருநாள் எடுத்துக் கிணற்றடியில் வைத்து, "முழுகிப்போட்டுப் போங்கோ" என்றேன். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று திருப்பித் தந்தார். நல்ல தகப்பன். நல்ல தகப்பனோடு என்ன சண்டை பிடிக்க முடியும்?

விழா ஒரு பின்னேரம் நடந்தது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடவேண்டும் என்பதால் வெயில் சாயத் தொடங்கும்போதே மத்தளம் கேட்டது. ஒரு வகுப்பறையை மறைத்து உடுப்பு மாற்ற விட்டிருந்தார்கள். அரசனின் உடுப்பு கண்ணாடித் துண்டுகள் வைத்துத் தைத்த பழைய வெல்வெற். முதுகுக் கொக்கிகளை வேறு யாராவதுதான் கொளுவவேண்டும். நான் போய்க் கொளுவினேன். மாமி வெளியே பிள்ளையை வைத்திருந்தார்.

கொக்கி முடிந்ததும் என் பைக்குள் இருந்து போத்தலை எடுத்தேன். காலையில் கதிரை வைத்து ஏறி எடுத்தது.

"இதென்ன?" என்றார். "வேண்டாம். அது பிள்ளைக்கெல்லே."

"கொஞ்சம்தானே. முழுச் சனத்துக்கும் முன்னாலை நிக்கப்போறியள்."

"வேண்டாமெண்டு சொன்னனான்."

"இஞ்சை பாருங்கோ, நான் தாறன். நான்தானே தாறன்?"

அவர் என்னையே பார்த்தார். அவருடைய கண் கலங்கியதுபோல இருந்தது. கண்ணுக்கு மை தீட்டியதாலோ தெரியாது. "நீர் நல்ல மனுசி" என்றார். அந்தச் சொல் என் உள்ளங்கையில் ஓடிக்கொலோனோடு சேர்ந்து விழுந்தது. நான் அவர் கழுத்தில் தடவினேன். காதுக்குப் பின்னால். வெல்வெற் கழுத்தை விலக்கித் தோளில். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அந்த வகுப்பறை மூலை மட்டும் அமைதியாக இருந்தது.

"உம்மடை கை குளிருது" என்றார்.

"இது குளிரும்தானே."

"இன்னும் கொஞ்சம் விடும்."

விட்டேன். பிள்ளைக்கு மிச்சம் வேணுமே என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொண்டது. கை நிற்கவில்லை. நான் அவரில் பூசுவது எனக்காகவா, ரீச்சருக்கு எதிராகவா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் மூடிய கண்ணோடு என் பக்கம் தலையைக் குனிந்து கொடுத்தார். ஆறு வருடக் கலியாணத்தில் அவர் எனக்கு அப்படிக் குனிந்து கொடுத்தது அதுதான் முதல்.

நான் முன்வரிசைப் பாயில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர்கள் நன்றாக ஆடினார்கள். அதை நான் மறைக்கமாட்டேன். சுற்றி வரும்போது இரண்டு சலங்கையும் ஒரு சலங்கையாகக் கேட்டது. வீட்டு முற்றத்தில் நான் கண்ட மனிதன் அவரில்லை. கிரீடத்தோடு ஒரு முழம் உயர்ந்திருந்தார். மைக்கடிக்கு இரண்டு பேரும் ஆடி வந்தார்கள். முகத்தோடு முகம். அரசன் பாடத் தொடங்கினார். அரசியின் மூக்கு ஒருமுறை சுருங்கியது. சனத்தில் வேறு யாரும் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். ரீச்சர் பாட்டை விடவில்லை. தன் அடியை எடுத்துப் பாடிக்கொண்டே, கண்ணால் முன்வரிசையைத் தேடி, என்னில் வந்து நின்றார். நான் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டேன்.

முடிந்த பிறகு எல்லாரும் என் கணவரைச் சுற்றி நின்று கையைக் குலுக்கினார்கள். நான் ஒரு கரையில் நின்றேன். ரீச்சர் சலங்கையை அவிழ்த்துக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகச் சாயம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, மாஸ்ரரிட்டைச் சொல்லேல்லையோ?"

"மறந்துபோனன் ரீச்சர்."

அவர் என் பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு என் கையைப் பிடித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், மணந்து பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

"நானெண்டாலும் மறந்துதான் போயிருப்பன்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வந்தது, அரைவாசி. மற்ற அரைவாசி, "நானெண்டாலும்" என்று அவர் ஏன் சொன்னார் என்று யோசித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கணவரிடம் போனது.